லிஸ்பனுக்குப் போகும் வசந்தாவுக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அவருக்குக் கண்புரை ஆபரேஷன்; ஆஸ்பத்திரியும் வீடுமாக நாள் ஓடிப்போயிற்று. இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் பேப்பரை என் கைக்கே விடுவதில்லை. உன் மகள் மே மாதம் உன்னைப் போர்ச்சுகலுக்கு அழைத்துப் போகிறாள் என்று படித்ததும், டிக்கெட் எனக்கே வந்த மாதிரி இருந்தது.

ஆறு நாளில் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நாலு நாளை லிஸ்பனுக்கே வைத்துக்கொள்.

பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. 1501-இல் கட்டத் தொடங்கினார்கள். கப்பல் கயிற்றை முறுக்கின மாதிரி கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வாஸ்கோ ட காமாவின் சமாதி. பள்ளிக்கூடத்தில் 1498 என்று மனப்பாடம் செய்தோமே, அவரேதான். கட்டடத்துக்குப் பணம், ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைக் கடல்களிலிருந்தும் வந்த சரக்குக்குப் போட்ட வரியிலிருந்து வந்தது. நாம் ரசத்தில் தட்டிப் போடுகிற மிளகு அங்கே தூணாக நிற்கிறது! அதற்காக மலபார்க் கரையில் சிந்திய ரத்தமும் நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை எனக்கு. பக்கத்திலேயே 1837 முதல் நடக்கிற கடையில் முட்டைக்கருப் பாலேடு வைத்த சின்னப் பணியாரம் சுடச்சுடக் கிடைக்கும். மேலே பட்டைப்பொடி தூவிச் சாப்பிடு.

எல்லாவற்றையும் விட, கார்மோ மடத்தைப் பார்க்காமல் வந்துவிடாதே. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு ஊரே கோயில்களில் கூடியிருந்தபோது பூமி அதிர்ந்தது. பிறகு ஆற்றுவழியே கடல் ஏறி வந்தது. எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சாய்ந்து பிடித்த நெருப்பு நாள்கணக்கில் அணையவில்லை. கார்மோ கோயிலின் கூரை விழுந்தது விழுந்ததுதான், அதைத் திரும்ப முழுசாகப் போடவேயில்லை. வளைவுகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்க, நடுவில் வானம். 2004-க்குப் பிறகு நாகப்பட்டினம் போய் வந்த நமக்கு அந்த இடத்தில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். நான் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அழிவுக்கு முந்தின லிஸ்பனைப் பார்க்க வேண்டுமென்றால் டைல்ஸ் மியூசியத்துக்குப் போ. ஆற்றங்கரை நகரம் முழுவதையும் நீலமும் வெள்ளையுமாக, சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு ஓடுகளில் தீட்டியிருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே மகளைப் பார்க்கச் சொல்.

தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நட. ஜன்னலுக்கு அங்கே 'ஜனேலா', சாவிக்கு 'ஷாவ்'. நம் வீட்டு வார்த்தைகள் பிறந்த வீட்டில் இருப்பதைக் கேட்பது அலாதி சுகம். தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் அந்த ஊரில்தான், 1554-இல், ரோமன் எழுத்தில் ஒரு ஜெபப் புத்தகமாக. இதை அங்கே நின்று மகளுக்குச் சொல்லு.

மீதி இரண்டு நாளில் ரயிலேறிப் போர்ட்டோ போய்விடலாம். சாவ் பெந்து ஸ்டேஷன் சுவர்களின் டைல்ஸ் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, 1886-இல் கட்டின இரும்புப் பாலத்தின் மேல்தட்டில் சாயங்காலம் நட. லிஸ்பன் பக்கத்திலுள்ள சிந்த்ரா அரண்மனை அழகுதான், ஆனால் கூட்டம் நெரிக்கும். உன் முழங்காலுக்கு அது வேண்டாம் என்பேன்.

முழங்கால் என்றதும் ஞாபகம் வருகிறது. லிஸ்பன் முழுக்க ஏற்றம் இறக்கம். நடைபாதையில் பதித்த சுண்ணாம்புக்கல் மழை பெய்தால் வழுக்கும். புதுச் செருப்பு வாங்காதே, பழகின ஷூவைப் போட்டுக்கொள். 28-ஆம் நம்பர் டிராமில் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடு, உட்கார இடம் கிடைக்கும். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொள். 'கால்டு வேர்டு' என்று கீரை சூப் தருவார்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். போடாமல் தரச் சொல்லிக் கேள்.

கார்மோவில் தூண்களுக்கு நடுவே புல் முளைத்த இடத்தில் உன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. மாவடு இந்த வருஷம் நன்றாக ஊறியிருக்கிறது, ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
மீனாட்சி