சித்தப்பாவுக்கு, திறப்பு அன்ரியைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

இதை போன்ல சொல்லத்தான் நினைச்சனான். ஆனா போன சனிக்கிழமைக்குப் பிறகு நீங்கள் என்ர போன் எடுக்கிறேல்லை, சித்தியும் பின்னேரம் ஆறு மணிக்கே "அவர் படுத்திட்டார் பிள்ளை" எண்டுறா. அதால இஞ்ச எழுதுறன். லண்டனில லூயிஷம், கட்ஃபோர்ட் பக்கத்துச் சனம் கன பேர் இதை வாசிப்பினம் எண்டு தெரியும். அதுக்காகவே பள்ளிக்கூடத்தின்ர பேர், சேர்ச்சின்ர பேர், உங்கட பேர் ஒண்டும் போடேல்லை. தெரிஞ்சவைக்குத் தெரியும், தெரியாதவை ஆரெண்டு தேட வேண்டாம்.

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு சேர்ச் ஹோலைத் திறந்துவிட்ட திறப்பு அன்ரி, கயானாவில இருந்து வந்த அந்தக் கறுப்பு மனிசி, செத்து ஒரு வருசம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன சனிக்கிழமை ஹோலில அவவின்ர படம் மாட்டினவை. அதோட, அந்த ஹோலுக்காக வருசக்கணக்கா ஒரு சதம் வாங்காமல் உழைச்ச இன்னும் ஆறு பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தரும் என்ன செய்தவை எண்டு வடிவா வாசிச்சு, எழும்பி நிண்டு கை தட்டினவை. சூப் காய்ச்சிக் குடுத்த ஒருத்தர், இளம் பெடியளுக்குக் கத்தி தூக்காதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே தொண்டை போன ஒரு அம்மா, இப்பிடி. ஒக்ரோபர் பிளாக் ஹிஸ்ரரி மந்த் தானே, கறுப்புச் சனத்தின்ர வரலாற்றை நினைக்கிற மாதம், 1987ல இருந்து இந்த நாட்டில நடக்குது. முன் வரிசையில எட்டுக் கதிரையில "தமிழ்ப் பள்ளிக்கூடம்" எண்டு பேப்பரில எழுதி ஒட்டியிருந்தவை, தமிழ் எழுத்தில, எங்கயோ பார்த்துக் கீறின மாதிரி, ழகரத்தின்ர வால் எங்கயோ போகுது. அதில நான் ஒருத்தி இருந்தன். ஏழு கதிரை வெறுமன கிடந்தது.

நீங்கள் கொமிற்றி வட்ஸ்அப்பில போட்ட வொய்ஸ் மெசேஜை இஞ்ச எழுதப் போறேல்லை. எழுதினால் உங்களுக்கு மட்டுமில்லை எங்கட எல்லாருக்கும் வெட்கம். ஒரு வரி மட்டும்: "உது அவையின்ர விசயம், எங்களுக்கென்ன?"

எங்களுக்கென்ன எண்டு தான் சித்தப்பா ஒரு கிழமையா யோசிக்கிறன்.

1999, எனக்கு ஒன்பது வயசு. உங்கட கோட்டுப் பொக்கற்றுக்க எப்பவும் எனக்கெண்டு ஒரு தோடம்பழ இனிப்பு இருக்கும், பஸ் ஸ்டொப்பில இருந்து ஹோல் மட்டும் ஆத்திசூடி சொல்லிக்கொண்டு வந்தால் தான் தருவியள். இண்டைக்கு நான் தமிழ்ல எழுதுறன் எண்டால் அது நீங்கள் தந்தது, அதை ஒருநாளும் மறக்க மாட்டன். அண்டைக்குச் சரியான குளிர், ஹீற்றர் வேலை செய்யேல்லை. எங்களுக்குத் தந்த நேரம் முடிஞ்சு அரை மணித்தியாலம், அவ திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு கதவடியில வந்து நிக்கிறா, சிவப்பு ரிபன் கட்டின பெரிய கோர்வை, அதால தானே நாங்கள் எல்லாரும் அவவை திறப்பு அன்ரி எண்டு கூப்பிட்டது. நீங்கள் சோக்கைக் கீழ வைச்சிட்டு, சிரிச்சுக்கொண்டு, ஒரு தாய்க்குச் சொன்னனீங்கள்: "காப்பிலி வந்திட்டுது, வெளிக்கிடுங்கோ."

கறுப்பு ஆக்களை இழிவாச் சொல்லுற சொல் அது. பிள்ளையள் சிரிச்சது. நானும் சிரிச்சனான்.

பிறகு குசினிக்க அவ கப் கழுவ நான் துடைச்சுக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். அந்தத் துவாய் ஞாபகம் இருக்கே, கயானாவில இருக்கிற கையெற்றர் நீர்வீழ்ச்சிப் படம் போட்டது, துவைச்சுத் துவைச்சுத் தண்ணி விழுற இடம் மட்டும் வெள்ளையாப் போனது. அவ என்னைப் பார்த்துக் கேட்டா, உன்ர சித்தப்பா என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறவர், அதென்ன, உங்கட பாசையில என்ர பேரோ? நான் கப்பைத் துடைச்சன். நல்லா ஞாபகம், ஏற்கனவே காஞ்ச கப்பைத் தான் திரும்பத் திரும்பத் துடைச்சன். பேந்து சொன்னன், "அன்ரி எண்டு அர்த்தம்."

அவ்வளவும் தான். அவவுக்குச் சரியான சந்தோசம். அடுத்த பொங்கலுக்கு நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு வந்து, வாசல்ல நிண்டு, வாற தாய் தகப்பன் எல்லாருக்கும் கையைக் குடுத்து "வணக்கம், நான் உங்கட காப்பிலி" எண்டு சொன்னா. சில பேர் தலையைக் குனிஞ்சவை, சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ள ஓடினவை. நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நானும் திருத்தேல்லை. ஒரு பொங்கல் இல்லை சித்தப்பா, நாலு பொங்கல்.

எனக்கு ஒன்பது வயசு தானே, நான் என்ன செய்யிறது? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஹோல் போயிருக்கும், ஹோல் போனால் பள்ளிக்கூடம் போயிருக்கும், இப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன். ஆனா 13 வயசில எனக்கு எல்லாம் விளங்கும் தானே. அப்பவும் வாய் திறக்கேல்லை. உங்களைக் காப்பாத்தினனான் எண்டு நினைச்சன், காப்பாத்தினது என்னைத்தான்.

ஊரில சாதாரணமாச் சொல்லுறது தானே, அதில ஒரு கெட்ட எண்ணமும் இல்லை எண்டு சொல்லுவியள். ஊரில நாங்கள் ஆரைப் பார்த்து அதைச் சொன்னது? போத்துக்கீசரும் ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் ஆபிரிக்காவில இருந்து பிடிச்சுக்கொண்டு வந்த சனத்தின்ர பேரப்பிள்ளையள் இண்டைக்கும் புத்தளம் பக்கம் இருக்கினம். அந்தச் சொல்லைத் தந்ததும் பிடிச்சுக்கொண்டு வந்தவன் தான். அதை நாங்கள் பத்திரமாச் சுத்திப் பெட்டிக்க வைச்சு, அகதியா வரேக்க லண்டனுக்கும் கொண்டு வந்திருக்கிறம். நடேசர் படத்தைக் கூட விட்டிட்டு வந்த ஆக்கள் நாங்கள்.

நீங்கள் 22 வருசம் பஸ் ஓடினனீங்கள். அந்த யூனிபோர்மை சித்தி எப்பிடி அயன் பண்ணுறவ எண்டு எனக்குத் தெரியும், பென்சனுக்குப் போன நாள் நீங்கள் அழுததும் தெரியும். 1963ல பிரிஸ்டலில பஸ் கொம்பனி, நிறமுள்ள ஆக்களை ட்ரைவராவோ கொண்டக்டராவோ எடுக்க மாட்டம் எண்டு நிண்டது. ஜமேக்காவில பிறந்த கை பெய்லி எண்ட 18 வயசுப் பெடியனுக்கு இன்ரவியூ குடுத்திட்டு, ஆள் வெஸ்ட் இண்டியன் எண்டு தெரிஞ்ச உடனே இல்லையெண்டு விட்டவை. போல் ஸ்டீபன்சன், ரோய் ஹக்கெற் மாதிரி ஆக்கள் சேர்ந்து, பஸ்ஸில ஏறாதேங்கோ எண்டு ஏப்ரல் கடைசியில தொடங்கி நாலு மாதம் நிண்டு ஓகஸ்ட் 28ம் திகதி கொம்பனியைப் பணிய வைச்சவை. அமெரிக்காவில மார்ட்டின் லூதர் கிங் கனவு எண்டு பேசின அதே நாள். அதுக்குப் பிறகு அந்த பஸ்ஸில முதல் ஏறின நிறமுள்ள கொண்டக்டர் ஆர் தெரியுமே? கறுப்பு ஆள் இல்லை. ரக்பீர் சிங் எண்ட ஒரு சீக்கியர், எங்கட பக்கத்து ஆள். அவை கதவைத் தள்ளித் திறந்தவை, உள்ள முதல் காலை வைச்சது நாங்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரா 1965லயும் 1968லயும் வந்த சட்டங்களுக்குப் பின்னால இந்த மாதிரிப் போராட்டங்கள் தான் நிண்டது. நீங்கள் 1986ல வந்து இறங்கேக்க, வேலைக்கு நிறம் பார்க்கக் கூடாது எண்டு சட்டம் எழுதி 18 வருசம். அதை எங்களுக்கு ஆர் எழுதித் தந்தது எண்டு ஒருநாளாவது கேட்டனாங்களோ?

உங்கட புருவத்தில இருக்கிற தழும்பைப் பற்றி இஞ்ச எழுதப் போறேல்லை, அது உங்கட கதை. ஆனா அண்டிரவு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் விடியும் மட்டும் பக்கத்தில இருந்த ட்ரைவர் ஆர், எந்த நிறம் எண்டு எனக்குச் சொன்னது நீங்கள் தான்.

சரி. கோவத்தில எழுதுறன். கொஞ்சம் நிப்பாட்டி ரீ குடிச்சிட்டு வந்தன்.

உங்களுக்குத் தெரியாத சிலது சொல்லுறன், ஏனெண்டால் அவ எனக்குத் தான் சொன்னவ. அவ பிறந்த கயானாவின்ர பெர்பீஸ் பகுதியில, மதராஸில இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன எங்கட சனத்தின்ர பரம்பரை இருக்கு. சின்ன வயசில அவவின்ர வீட்டுக்குப் பின்னால காளி மாயி பூசைக்கு தப்பு அடிக்கிற சத்தம் கேக்குமாம். எங்கட பிள்ளையள் மேசையில தாளம் போட்டால் அவ கதவடியில நிண்டு கேட்டது அதுக்குத் தான், நேரத்தைக் காட்டிக் கலைக்க இல்லை. வெள்ளி இரவு ஆஸ்பத்திரியில நைற் டியூட்டி முடிச்சு நேர வந்து தான் எட்டரைக்குக் கதவு திறந்தவ. எங்களிட்ட வாடகையும் கேக்கேல்லை, கரண்ட் காசு மட்டும் தான். கிறிஸ்மஸுக்கு அன்னாசி ஜாம் வைச்ச முக்கோணப் பணியாரம், பைன் ரார்ட் எண்டு சொல்லுவினம், நீங்கள் ஒண்டுக்கு நாலு சாப்பிட்டியள்.

அந்தக் கரும்பலகை. நீங்கள் 30 வருசமா அ, ஆ எழுதின பலகை. அதைச் சுவரில இருந்து கழட்டிப் பின்பக்கம் பார்த்திருக்கிறியளே? போன சனிக்கிழமை படம் மாட்ட இடம் வேணுமெண்டு கழட்டேக்க தான் நான் கண்டன். பென்சிலால பேர் பேரா எழுதியிருக்கு, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்தில ஒரு வயசு. 7, 9, 8, 11. அந்த நேரம் கரீபியன் பிள்ளையள் கன பேரை புத்தி குறைஞ்சதுகள் எண்டு சொல்லித் தனிப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளினவை, வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையளையும். பேர்னாட் கோர்ட் எண்ட கிரெனடா வாத்தியார் 1971ல அதை அம்பலப்படுத்தினவர். தாய் தகப்பன்மார் அரசாங்கத்தை நம்பாமல் வீட்டுக் ஹோல்லயும் சேர்ச்சுக் ஹோல்லயும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் தொடங்கினவை. எங்கட ஹோலில அதைத் தொடங்கின நாலு தாய்மாரில அவவும் ஒராள். பலகை வாங்கினது அவை. சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் எண்ட அந்த யோசனையையே நாங்கள் அவையளிட்ட வாங்கி, எங்கட கண்டுபிடிப்பு எண்டு மேடையில சொல்லிக்கொண்டு திரியிறம்.

அவ அடிக்கடி சிபில் பீனிக்ஸைப் பற்றிக் கதைப்பா. அவவும் கயானா தான், 1956ல வந்து லூயிஷத்தில தாய் தகப்பனோட இருக்க ஏலாத பிள்ளையளைத் தன்ர வீட்டில வளர்த்தவ, 1973ல எம்.பி.ஈ. எண்ட பிரிட்டிஷ் அரச பட்டம் வாங்கினவ. அவ நடத்தின மூன்ஷொட் இளைஞர் நிலையத்தை 1977ல எரிச்சவை. எரிச்ச இடத்தில திரும்பக் கட்டினவ.

எரிக்கிறது எண்டோடன ஒண்டு. 2011 அளவில ஒருநாள் நானும் அவவும் நியூ குரொஸ் ரோட்டால நடந்து வாறம். 439ம் நம்பர் வீட்டடியில அவ நிண்டிட்டா. 1981 சனவரி 18, பிறந்தநாள் கொண்டாட்டத்தில நெருப்புப் பிடிச்சு 13 கறுப்புப் பிள்ளையள் செத்தது, 14 வயசில இருந்து 22 வயசு வரை. நாடு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லேல்லை. மார்ச் 2ம் திகதி, திங்கட்கிழமை, வேலை நாள், 20,000 பேர் அளவில ஃபோர்ட்ஹம் பார்க்கில இருந்து ஹைட் பார்க் மட்டும் நடந்தவை. அவவும் நடந்தவ, நித்திரை இல்லாமல், நேர்ஸ் சப்பாத்தோட. நான் சொன்னன், அதே வருசம் மே முடிஞ்சு யூன் தொடங்கேக்க எங்கட யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவை எண்டு. எத்தனை புத்தகம் எண்டு கேட்டா. 97,000 எண்டன். பிறகு ஆரையும் பிடிச்சவையோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். "இஞ்சயும் இல்லை" எண்டா. ரெண்டு தரம் விசாரணை வைச்சும் ஒருத்தர் மேலயும் வழக்கு இல்லை. பிறகு பஸ் வந்தது, ஏறினம்.

இனவாதத்துக்கு எதிரா எழுதின எங்கட எழுத்தாளர் சிவானந்தன் 1958 கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு லண்டன் வர, இஞ்ச நொட்டிங் ஹில்லில கறுப்புச் சனத்துக்கு அடி. ஒரே வருசத்தில ரெண்டையும் கண்ட மனிசன், அதுக்குப் பிறகு கறுப்பு எண்டதை ஒரு அரசியல் நிறமாய் எடுத்துத் தனக்கும் அதைத் தான் பூசிக்கொண்டார். நீங்கள் அவரைப் பற்றி பெருமையாக் கதைப்பியள், தமிழன் எண்டு. அவர் ஆரோட நிண்டவர் எண்டதை மட்டும் விட்டிடுவியள்.

சனிக்கிழமை மைக்கைத் தந்தவை. நன்றி சொல்லிட்டு இருந்திருக்கலாம். நான் அந்தச் சொல்லைச் சொன்னன். அதின்ர உண்மையான அர்த்தத்தையும், ஒன்பது வயசில நான் சொன்ன பொய்யையும் சொன்னன். உங்கட பேர் சொல்லேல்லை, எங்கட வாத்தியார் ஒருவர் எண்டு தான் சொன்னது. அதுக்குத் தான் நீங்கள் கோவம் எண்டு எனக்குத் தெரியும், ஆரோ அண்டிரவே உங்களுக்குப் போன் பண்ணிட்டினம். முடிஞ்ச பிறகு அவவின்ர மகள் வந்து என்ர கையைப் பிடிச்சா. "அம்மாவுக்குத் தெரியும்" எண்டா. எப்ப தெரியும், ஆர் சொன்னது எண்டு நான் கேக்கேல்லை.

ஏனெண்டால் எப்ப எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். 2004 பொங்கல். அதே நீலச் சட்டை, அதே வாசல். "வணக்கம்" எண்டு மட்டும் சொன்னா. பிறகு உங்களைப் பார்த்தா, கொஞ்ச நேரம். நீங்கள் ரீ ஊத்திக்கொண்டு இருந்தனீங்கள், கப் நிரம்பி சோசரில வழிஞ்சது. அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் எட்டரைக்குக் கதவு திறந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையில இருந்து தான் நீங்கள் வகுப்பு முடியக் கதிரை அடுக்கத் தொடங்கினது. அவவை ஒரு கதிரை தூக்க விடேல்லை, பெரிய மேசையைத் தனிய இழுத்து ஸ்ரோர் ரூமுக்குள்ள வைப்பியள், நாரி நோவோடயும். அவ சாகும் மட்டும், ஒரு கிழமை விடாமல். நான் எல்லாம் பார்த்துக்கொண்டு தான் இருந்தனான். அது மன்னிப்போ சித்தப்பா? அவவுக்கு அது மன்னிப்பு எண்டு விளங்கினதோ? வாயால ஒரு சொல்லு சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சிருக்கும், எனக்கும் உங்களுக்கும்?

கொமிற்றியில இருந்து நான் விலகப் போறன் எண்டு கதை பரவுதாம். விலகேல்லை. பலகையைத் திருப்பி மாட்டேக்க பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பக்கத்தில தொங்க விடப் போறன், பிள்ளையள் கேட்டால் கதை சொல்லுவன், நீங்கள் ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும்.

மகள் திறப்புக் கோர்வையை என்னட்டத் தந்திட்டா. ரிபன் நரைச்சுப் போச்சு, மாத்தேல்லை. வாற சனிக்கிழமை எட்டரைக்குத் திறப்பன். சின்னக் கதிரையளை நான் போடுவன். பெரிய மேசையை எனக்குத் தனிய இழுக்க ஏலாது.

உங்கட பிள்ளை