அது உருது இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் அரபி மொழிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ‘இஸ்லாத்தோடு பிறந்த எழுத்து, உருதுவும் அரபியும் ஏறக்குறைய ஒன்றுதான்’ என்று இரண்டு தவறுகளை ஒரே வரியில் அடக்கிய உங்கள் கட்டுரையாளரின் சிக்கனத்துக்குத் தனி நன்றி.

உங்களுக்குத் தெரியாததா? நபிகள் பிறந்தது 570 வாக்கில். சிரியாவில் ஸபத் என்ற ஊரில் ஒரு தேவாலயத்து நிலைக்கல்லில் கிரேக்கம், சிரியாக்கோடு அரபியும் வெட்டியிருக்கிறார்கள், ஆண்டு 512. அதற்கும் முன்னால், 328இல், அதே சிரியாவின் நமாராவில் ஓர் அரசனின் கல்லறைக் கல். மொழி அரபி, எழுத்து இன்றைய ஜோர்டானில் உள்ள பெட்ராவை ஆண்ட நபத்தியர்களுடையது. அரமேயம் என்ற பழைய மொழியின் எழுத்திலிருந்து வந்த அந்த எழுத்துதான் கூட்டெழுத்தாகி மெல்ல மெல்ல அரபி எழுத்தானது. அந்த நமாராக் கல் இன்னும் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருதுவோ இந்தியோடு பிறந்த மொழி, எழுத்து மட்டும் பாரசீகம் வழியாக வந்த இரவல்.

சரி, இது ஒன்றென்றால் விட்டிருப்பேன். நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக உருது தெரிந்தவர் ஒருவர்கூட கிடையாது, ஆனாலும் ரயிலில் பேர் கேட்டதும் ‘தமிழ் நல்லா பேசுறீங்களே’ என்கிறார்கள். என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு அவர் எழுதிய கடிதமெல்லாம் அரபுத்தமிழ். பேச்சு நம் பேச்சு, எழுத்து மட்டும் அரபி. அரபியின் 28 எழுத்தில் ட, ண, ள, ழ எல்லாம் ஏது? இருக்கிற எழுத்திலேயே கூடுதலாகப் புள்ளியும் குறியும் போட்டு நம்மவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஏட்டின் படத்தை இரண்டு வருஷம் முன்பு நீங்கள் ‘பழைய உருது நூல்’ என்று போட்டீர்கள். ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதினேன். மூன்று வரி வந்தது, அதிலும் அரபுத்தமிழ் என்ற சொல்லைக் காணோம்.

அப்புறம் அந்தத் தலைப்புப் படம். ஜித்தாவில் அச்சகத்தில் 14 வருஷம் எழுத்துக் கோத்தவன் என்பதால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. அரபி வலமிருந்து இடம் போகும், எழுத்துகள் கைகோத்து நிற்கும், சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. நீங்கள் ‘சலாம்’ என்பதைத் துண்டு துண்டாக, அதுவும் இடமிருந்து வலமாக அடுக்கியிருக்கிறீர்கள். வாசித்தால் ‘மாலஸ்’ என்று வருகிறது. அங்கே நான் இப்படி ஒரு ப்ரூஃப் கொடுத்திருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘சலாம்’ என்ற அந்த ஒரு சொல்லை எழுத்துகள் சேர்ந்திருக்கும்படி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அதை மட்டும் அடுத்த வாரம் சரியாக அச்சடியுங்கள். இடமில்லை என்றால் தபால்தலை ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது, தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பேத்தி எழுதியது, அவள் கேட்பாள்.

இப்படிக்கு,
காயல்பட்டினத்திலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்