ஆடி வீதியில் இடம் கொடுத்த அக்காவுக்கு நன்றி

சித்திரைத் திருவிழாவின் ஐந்தாம் நாள் மாலை, மதுரை மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியில் என் அம்மாவுக்கு இடம் கொடுத்த அக்காவுக்கு இந்த நன்றி.

திருக்கல்யாணத்துக்குக் கட்டண டிக்கெட் உண்டு என்பதால், மாலைக் கலை நிகழ்ச்சிகளுக்கும் காசு கேட்பார்கள் என்று பயந்தே பல வருடம் அம்மாவை அழைத்து வராமல் இருந்துவிட்டேன். ஒரு பைசா கிடையாது. போய்த் தரையில் உட்கார வேண்டியதுதான்.

அந்தத் தரைதான் சிக்கல். வெயில் இறங்கிய பிறகும் கல் கொதித்தது. முழங்கால் வலியோடு நின்ற அம்மாவைப் பார்த்ததும், நீங்கள் உங்கள் மடியிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்து விரித்தீர்கள். உங்கள் பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டு, "இங்கே தூணில் சாய்ந்துகொள்ளுங்கள் அம்மா" என்றீர்கள். பரதம் ஆடிய சிறுமியின் சலங்கை ஒன்று அவிழ்ந்தும் அவள் தாளம் விடாததை அம்மாவுக்குச் சுட்டிக்காட்டியதும் நீங்கள்தான். அம்மா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இதோடு போய்விடாதீர்கள், மாசி வீதியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கோலாட்டம் ஆடி வரும்" என்று சொல்லி, கூட்டம் நெரிக்காத திண்ணை வரை கூடவே வந்து விட்டீர்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுவர முடியாததால் உங்கள் எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை. பெயரும் கேட்கவில்லை.

பச்சைச் சேலை, கையில் பனையோலை விசிறி. அந்த விசிறி அம்மாவிடமே இருக்கிறது, அக்கா. அடுத்த சித்திரையில் அதே தூணருகே கொண்டுவருகிறோம்.