பகடை நியாயமா என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அவ்வப்போது இலவச கேம்களைப் பரிந்துரைக்கிறீர்கள். எத்தனை எம்.பி., எத்தனை நட்சத்திரம், கிராபிக்ஸ் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆடுகிற சின்ன கேமைப் பொறுத்தவரை இந்த மூன்றும் வாசகருக்குப் பெரிதாக உதவாது. டெட்ரிஸ் 1984-இல் மாஸ்கோவில் எழுதப்பட்டபோது, அலெக்ஸி பஜித்னோவிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் காய்களைக் காட்டினார். அந்த ஆட்டத்தை உலகம் இன்னும் ஆடுகிறது. ஒரு ஜி.பி. இடம் கேட்கும் எத்தனையோ கேம்களை இறக்கிய மறுநாளே அழித்துவிடுகிறோம்.

தோற்ற அந்த நொடியில் என்ன தோன்றுகிறது என்பதுதான் வித்தியாசம். 'என் தப்பு, அந்தக் காயை இடது பக்கம் போட்டிருக்க வேண்டும்' என்று தோன்றினால் இன்னொரு ஆட்டம் ஆடுவோம். 'ஏமாற்றிவிட்டது' என்று தோன்றினால் அதோடு சரி. இந்த நினைப்பு தற்செயலாக வருவதில்லை. கேமை எழுதுகிறவர் எடுக்கும் சில முடிவுகளால் வருவது. அவற்றை வெளியிலிருந்தே சோதிக்கவும் முடியும். (காசு வைத்து ஆடும் ரம்மி வகையறா வேறு சங்கதி, அதை இங்கே கலக்கவில்லை.)

அதிகப் புகார் லூடோவில்தான். 'எனக்கு ஆறே விழவில்லை, கம்ப்யூட்டருக்கு மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது' என்று எந்த லூடோ ஆப்பின் கீழும் எழுதியிருப்பார்கள். சுத்தமான பகடையிலேயே ஒருவருக்கு முதல் 10 உருட்டலில் ஒரு ஆறுகூட விழாமல் போக 16 சதவீத வாய்ப்பு உண்டு. குறைவு என்று தோன்றும். ஆனால் நான்கு பேர் ஆடும்போது அவர்களில் ஒருவராவது இப்படிக் காயை வெளியே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் யாரோ ஒருவர் கொதித்துக்கொண்டிருப்பார். பகடையின் மேல் ஒரு குற்றமும் இருக்காது. ஆகவே லூடோவில் நேர்மை மட்டும் போதாது. ஒன்று விழுந்தாலும் காயை எடுக்கலாம் என்பது போல விதியையே கொஞ்சம் தளர்த்த வேண்டும், தளர்த்தியதை ஆடுகிறவருக்குத் தெரியும்படி எழுதி வைக்கவும் வேண்டும். பின்னால் ஒளிந்துகொண்டு பகடையைத் திருகினால், அது நமக்குச் சாதகமாகவே இருந்தாலும், தெரியவரும்போது ஆட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

நம் தாயக்கட்டையில் இதே சிக்கலுக்கு அழகான விடை இருக்கிறது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம், மொத்தம் 16 சேர்க்கை. காயை இறக்கத் தேவையான தாயம் (கூட்டல் 1) விழ அவற்றில் 2 மட்டுமே, அதாவது லூடோவின் ஆறைவிடக் கடினம். ஆனால் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டிலும் 0) விழுந்தால் மறுபடி போடலாம். விதி வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், காய் இறங்குவதற்கு முன்பே இந்த மறுவாய்ப்பைத் தருகிற வீடுகளில் கணக்குப் போட்டால், ஒருவர் தன் முறையில் தாயம் பெறும் வாய்ப்பு சரியாக 6-இல் 1 என்று வருகிறது. லூடோவிலும் 6-இல் 1தான். எண் ஒன்றாக இருந்தும் லூடோவில் சலிப்பு, தாயத்தில் பரபரப்பு. காரணம், 16 சேர்க்கைகளில் 6 மறுபடி போட விடுகின்றன. கட்டை கையில் தங்குகிறது, காய் இறங்காதவரும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்.

மொபைலுக்குத் தாயம் எழுதுகிறவர் சறுக்கக்கூடிய இடமும் இதுதான். 1, 2, 3, 4, 5, 6, 12 என்ற ஏழில் ஏதாவது ஒன்றை ராண்டமாக எடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், 16-இல் 1 வர வேண்டிய பன்னிரண்டு 7-இல் 1 வரும். அடிக்கடி, அதாவது 4-இல் 1 வர வேண்டிய மூன்று, 7-இல் 1 ஆகச் சுருங்கும். வீட்டுத் திண்ணையில் கட்டை உருட்டிப் பழகியவருக்கு ஐந்தே நிமிடத்தில் ஏதோ இடறும், என்னவென்று சொல்லத் தெரியாது, ஆப்பை மூடிவிடுவார். இரண்டு கட்டையையும் தனித்தனியாக உருட்டிக் கூட்ட வேண்டும், கூட்டல் 0 என்றால் அதை 12 ஆக்க வேண்டும். நாலு வரி கோடுதான்.

பகடையைச் சந்தேகிப்பவர் எண்ணிப் பார்க்கலாம். 60 முறை உருட்டினால் ஆறு சராசரியாக 10 முறை விழ வேண்டும், ஆனால் 4 முதல் 16 வரை எது வந்தாலும் அது சாதாரணம். 14 முறை வந்தது என்று சத்தம் போடுவதில் அர்த்தமில்லை. 600 உருட்டலில் 82-க்குக் கீழோ 118-க்கு மேலோ போனால்தான் புருவத்தை உயர்த்தலாம். எதிராளியின் எண்ணிக்கையையும் தனியாகக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

டெட்ரிஸ் பக்கமும் இதே பாடம் உண்டு. காய்கள் ஏழு வகை. ஒவ்வொரு தடவையும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்தால், நீளக் குச்சி தொடர்ந்து 30 காய்களுக்கு வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. நான்கு வரிசையை அடுக்கி வைத்துக் குச்சிக்காகக் காத்திருப்பவருக்கு இது கொடுமை. இப்போதைய பதிப்புகளில் ஏழையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, அந்த ஏழும் தீர்ந்த பிறகுதான் அடுத்த பை. இப்படிச் செய்தால் இரண்டு குச்சிகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 காய்கள்தான் வர முடியும். அதிர்ஷ்டம் இருக்கிறது, அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. குச்சி வருவதற்குள் நிரம்பிவிட்டதென்றால் தவறு ஆடியவருடையது, அதை அவரே ஒத்துக்கொள்வார்.

விண்டோஸோடு வந்த பழைய ஆட்டங்களில், குண்டு ஒளிந்த கட்டங்களைத் தவிர்த்து மற்றவற்றைத் திறக்கும் மைன்ஸ்வீப்பர் முதல் கிளிக்கிலேயே வெடிக்காது. அங்கே குண்டு இருந்தால் புரோகிராம் அதை வேறு கட்டத்துக்கு நகர்த்திவிடும். நமக்குச் சாதகமான பொய் என்பதால் இதை ஒருவரும் குறை சொன்னதில்லை. (பகடையைத் திருகுவது பற்றி மேலே சொன்னதற்கு இது விலக்குதான், ஆனால் இங்கே எதிராளி என்று யாரும் இல்லை.) குறை சொல்வது கடைசியில் வருவதைப் பற்றி. எக்ஸ்பர்ட் லெவலில் 30-க்கு 16 பலகை, 99 குண்டு, ஐந்து கட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். அரைமணி நேரம் யோசித்து எல்லாம் திறந்த பிறகு ஏதாவது ஒரு மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் குண்டு என்று எந்தத் தர்க்கமும் சொல்லாது, காசைச் சுண்டிப் போட வேண்டியதுதான். இதைச் சரிசெய்ய முடியாது என்பதில்லை. புரோகிராமர் சைமன் டாதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் உள்ள மைன்ஸ், ஊகிக்காமலே முடிக்கக்கூடிய பலகையாகப் பார்த்துத்தான் தருகிறது. விளம்பரமும் இல்லை.

ஃப்ரீசெல் சீட்டாட்டத்தின் பெருமையும் இதே வகை. மைக்ரோசாஃப்டின் பழைய பதிப்பில் 32,000 எண்ணிட்ட ஆட்டங்கள். 1990-களில் ஆட்டக்காரர்கள் இணையத்தில் பங்கு போட்டுத் தீர்த்துப் பார்த்ததில் கடைசிவரை மசியாதது 11982-ஆம் எண் ஒன்றுதான். இது தெரிந்தவர் நடுவில் சிக்கினால் சீட்டைத் திட்ட மாட்டார், திரும்பப் போய் வேறு வழி தேடுவார். சாலிட்டேரில் இந்த உறுதி இல்லை. மூன்று மூன்றாகச் சீட்டு எடுக்கும் ஆட்டத்தில், எல்லாச் சீட்டும் தெரிந்தே ஆடினாலும் 100-இல் 18 போலத் தீராதவை. தீர்க்கக்கூடியதை மட்டும் போடு என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்பதே சாலிட்டேர் ஆப்பில் முதலில் பார்க்க வேண்டியது.

அடுத்தது காத்திருப்பு. ஒரு சுற்று 40 நொடி, அதன் பின் விளம்பரம் 30 நொடி என்றால், கையில் போன் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 43 பங்கு விளம்பரத்துக்குப் போகிறது. நேரம் போவதைவிடவும் பெரிய கேடு, தப்பை உடனே திருத்திப் பார்க்கும் ஆசை அந்த 30 நொடியில் ஆறிப்போவது. 2013-இல் வியட்நாமில் ஒருவர் தனியாக எழுதிய ஃப்ளாப்பி பேர்ட் அவ்வளவு கடினமாக இருந்தும் பித்துப் பிடிக்க வைத்ததற்குப் பாதிக் காரணம், குழாயில் மோதியதும் ஒரு தட்டலில் மறுபடி பறக்க முடிந்ததுதான். கேண்டி க்ரஷ் சாகா 2012-இல் எதிர்த்திசையில் போனது. உயிர் 5, ஒன்று திரும்ப 30 நிமிடம், ஐந்தும் நிறைய இரண்டரை மணி நேரம். வேண்டாம் என்றால் காசு கொடு. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்து உடைக்கும் இந்த வகை ஆட்டங்களில் ஒரு லெவலைக் கடினமாக்க நிறங்களைக் கூட்டினாலே போதும். நான்கு நிறம் என்றால் தானாகச் சேர்ந்து தொடர்ச்சியாக உடையும், ஆறு என்றால் அது அபூர்வம். புதிதாக யோசிக்க வைக்கும் லெவலா, நிறத்தைக் கூட்டி நகர்வைக் குறைத்த லெவலா என்பதை ஒரு விமர்சகர் சொன்னால் வாசகருக்கு எவ்வளவோ உபயோகம்.

விண்டோஸ் சாலிட்டேரின் பாதையும் இதேதான். 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு சும்மா வந்தது, மவுஸைப் பிடித்து இழுக்கக் கற்றுத் தந்தது. 2012-இல் விண்டோஸ் 8-இல் அந்தப் பழைய ஆட்டங்கள் எடுக்கப்பட்டன, அவற்றின் இடத்துக்கு வந்த தொகுப்பில் விளம்பரம், விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா.

கை சொன்னதை ஸ்கிரீன் கேட்கிறதா என்பது அடுத்த கேள்வி. தொட்டதற்கும் நகர்வதற்கும் நடுவே நூறு மில்லிநொடி போனாலே விரல் அதை உணரும். தாண்டிக் குதிக்கும் ஆட்டங்களில் நல்ல புரோகிராமர்கள் இன்னும் தாராளமாக நடந்துகொள்வார்கள். விளிம்பைக் கடந்து ஒரு கணம் ஆன பிறகும் குதிக்க விடுவார்கள், தரையில் இறங்குவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்தினாலும் அதை நினைவில் வைத்திருந்து இறங்கியதும் குதிக்க வைப்பார்கள். மோதல் கணக்கும் அப்படியே. இணையம் போனால் குரோமில் வரும் டைனோசரைப் பாருங்கள். முழுப் படத்தையும் ஒரே பெரிய கட்டமாக எடுத்திருந்தால், கள்ளிச்செடி வாலுக்குக் கீழுள்ள வெற்றிடத்தில் பட்டாலே ஆட்டம் முடியும். அதன் உடலை ஆறு சிறு கட்டங்களாகப் பிரித்திருப்பதால் உண்மையில் பட்டால்தான் பட்டது.

ஒலி பற்றி ஒன்று மட்டும். பின்னணி இசைக்கும் சத்தத்துக்கும் தனித்தனிப் பட்டன் இல்லாத கேம், அல்லது நிறுத்தியதை மறுநாள் மறந்துவிடுகிற கேம், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட லாயக்கில்லாதது.

கற்றுத்தரும் விதத்துக்கு, செடி நட்டு ஜாம்பிகளைத் தடுக்கும் பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ் (2009) நல்ல மாதிரி. முதல் லெவலில் புல் போட்ட வரிசை ஒன்றே ஒன்று, இரண்டாவதில் மூன்று, அப்புறம்தான் ஐந்து. படிக்க வேண்டியது கிட்டத்தட்ட எதுவுமில்லை. இன்று பல கேம்களில் ஒரு பெரிய விரல் வந்து 'இங்கே தொடு, இப்போது இங்கே தொடு' என்று பத்து நிமிடம் கையைப் பிடித்து இழுக்கிறது. அதுவரை வேறு எதையும் தொட முடியாது.

தமிழ் கேம்கள் பற்றியும் சொல்ல வேண்டும். மறைந்திருக்கும் சொல்லை ஊகிக்கும், 2021-இல் வெளியான வேர்டில் ஆட்டத்தைத் தமிழில் அப்படியே எழுதினால் கசந்துவிடும். அங்கே 26 எழுத்து, இங்கே 247. விடை 'கிணறு', நீங்கள் போட்டது 'கதவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தின் மெய் சரி, நடு எழுத்தின் உயிரும் கடைசி எழுத்தின் உயிரும் சரி. பச்சை (எழுத்தும் இடமும் சரி), மஞ்சள் (எழுத்து உண்டு, இடம் வேறு), சாம்பல் (எழுத்தே இல்லை) மட்டும் தெரிந்த பலகை மூன்றையும் சாம்பலாகக் காட்டி, மூன்று நல்ல துப்புகளை விழுங்கிவிடும். மெய் பொருந்தினால் ஓர் அடையாளம், உயிர் பொருந்தினால் இன்னோர் அடையாளம் வேண்டும். எழுத்து உடைவது இன்னொரு தொல்லை. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது, திரையில் இடம் மாற்றி வரைவது கேம் எஞ்சினின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) வேலை. அந்த வசதி இல்லாத எஞ்சினில் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். கோடோ 4 போன்ற எஞ்சின்களில் இதற்கான ஹார்ஃப்பஸ் நூலகம் சேர்ந்தே வருகிறது. சோதிக்க, பெயர்ப் பெட்டியில் 'கொடைக்கானல்' என்று அடித்துப் பார்த்தால் போதும்.

தங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை பரிந்துரைக்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு அந்த கேம் திறக்கிறதா என்று பாருங்கள். தோற்றதிலிருந்து அடுத்த ஆட்டம் தொடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். முதல் விளம்பரம் எந்தச் சுற்றில் வருகிறது, விளம்பரத்தை நீக்க ஒரே முறை காசு கட்டினால் போதுமா, மாதாமாதம் கட்ட வேண்டுமா என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் நட்சத்திரங்களை எடுத்துவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
கேம் புரோகிராமராகப் பணியாற்றும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்