அடுத்த வாரம் திரும்பி வராதவர்கள்

அறிவியல் புனைகதை ஆந்தாலஜித் தொடர்களுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

நானும் என் தங்கையும் பல வருடங்களாக, எபிசோடுக்கு ஒரு தனிக்கதை சொல்லும் உங்கள் ஆந்தாலஜித் தொடர்களைச் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்கிறோம். எபிசோட் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவள் முடிவைச் சொல்லிவிடுவாள். “இந்த ஆள் எப்பவோ செத்துட்டான், அவனுக்கு மட்டும் தெரியல.” “இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள நடக்குது.” “அந்த டாக்டரம்மாதான் இந்தச் சோதனையையே நடத்துறாங்க.” முன்பு பத்துக்கு இரண்டு சரியாக இருக்கும். இப்போது அவள் சொன்னது தப்பினால்தான் எனக்கு ஆச்சரியம். சொல்லிவிட்டு ஃபோனைக் கையில் எடுத்துக்கொள்வாள். சில நாள் எழுந்து தூங்கவே போய்விடுவாள்.

முடிவு தெரிந்துபோனதால் அவளுக்கு அலுத்துவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ‘பிளாக் மிரர்’ தொடரின் ‘சான் ஹூனிபெரோ’ எபிசோடை அவள் நான்கு தடவை பார்த்திருக்கிறாள். முடிவு என்ன, வசனமே அவளுக்கு மனப்பாடம். அப்படியானால் விஷயம் வேறு எங்கோ இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல். பழைய எபிசோடுகளின் முடிவுகளை மறைக்காமல் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் தொடரில் ஒரு பாத்திரம் அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். அந்தப் பாத்திரத்தின் கையை வெட்டினால் அடுத்த பத்து எபிசோடுக்கும் கையில்லாமல்தான் எழுத வேண்டும். உங்களுக்கு அந்தச் சுமை கிடையாது. ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதரை உருவாக்கி, அவரை என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டு, பெயர்களை ஓட விட்டுவிடலாம். இந்த வாரம் உலகமே அழியலாம், அடுத்த வாரம் வேறு உலகம். ஆந்தாலஜியின் பலமே இதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் மெல்ல மெல்ல ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. திரும்பி வரப்போகாத மனிதர்தானே என்று, அவரை எலிப்பொறிக்குள் விட்டுத்தான் கதையையே தொடங்குகிறீர்கள். அவர் எந்தப் பக்கம் ஓடினாலும் கதவு முன்கூட்டியே மூடியிருக்கிறது. என் தங்கை பத்தாவது நிமிடத்தில் கண்டுபிடிப்பது அந்தப் பொறியைத்தான்.

ஒரே மாதிரியான உத்திகள் திரும்பத் திரும்ப வருவதில் எனக்குக் குறையே இல்லை. ஆளில்லாத ஊரில் அலைபவன், ஞாபகம் இழந்து விழித்தெழுபவள், கேட்டபடியே கிடைத்துக் கழுத்தை இறுக்கும் வரம், வேற்றுக்கிரகவாசி என்று பயந்த கடைசியில் அது நாமே என்று தெரிவது. ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று தொடங்கும் கதைகளை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம்? 25 நிமிடத்துக்குள் ஒரு உலகத்தைக் கட்டி எழுப்ப வேண்டும் என்றால், பார்க்கிறவருக்குப் பழகிய தூண்கள் வேண்டும்தானே. ‘தி ட்விலைட் சோன்’ தொடரின் முதல் எபிசோடே ஆளில்லாத ஊர்தான். 1959 அக்டோபர் 2 அன்று ஒளிபரப்பானது. நிலவுப் பயணத்துக்கான சோதனையில் தனியறையில் அடைபட்ட ஒரு விமானப்படை வீரனின் மனம் காட்டிய காட்சிதான் அந்த ஊர் என்று கடைசியில் தெரிகிறது. எல்லாம் மாயை என்று முடிக்கிற உத்தி, இன்று பார்த்தால் சலிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் நிலவைப் பார்த்து, எங்கேயும் போய்விடாதே, வந்துவிடுவோம் என்கிறான். அந்த ஒரு பேச்சில் அவன் சோதனை எலியிலிருந்து மறுபடி மனிதனாகிவிடுகிறான்.

அந்தத் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் எதனால் இந்தப் பக்கம் வந்தார் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1955இல் அமெரிக்காவின் தென்பகுதியான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். வழக்கு நடந்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அதை மனதில் வைத்து செர்லிங் ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். 1956இல் அது ஒளிபரப்பாவதற்குள், விளம்பரதாரரின் பயத்தால், கதை நடக்கும் இடம் தெற்கிலிருந்தே மாற்றப்பட்டு, யாரைப் பற்றிய நாடகம் என்று அடையாளம் தெரியாத அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. நேராகச் சொல்ல விடாததை வேற்றுக்கிரகவாசிகளையும் இயந்திரங்களையும் வைத்துச் சொல்லலாம் என்று அதற்கப்புறம்தான் வந்தார். ‘தி ட்விலைட் சோன்’ தொடரின் 156 எபிசோடுகளில் 92ஐ அவரே எழுதினார். நீங்கள் இன்று கையாளும் உத்திகள் பலவும் அந்தத் தேவைக்காகத் தீட்டப்பட்டவை. ட்விஸ்டுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

1960இல் வந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் மின்சாரம் போகிறது. நம்மில் யாரோ ஒருவர் வேற்றுக்கிரகவாசி என்ற பேச்சு பரவுகிறது, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் நிஜமாகவே இருக்கிறார்கள், மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்ததெல்லாம் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றியது மட்டும். துப்பாக்கியை எடுத்தது தெருக்காரர்கள். கடைசி வரை ஒருவன் மற்றவர்களை நிதானப்படுத்தப் பார்க்கிறான், யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம். அந்தக் ‘கேட்டிருக்கலாம்’ இல்லாவிட்டால் அந்த எபிசோடில் ஒன்றுமே மிஞ்சாது.

இந்த இடத்தில் நீங்கள் உடைந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டுவீர்கள் என்று தெரியும். அதே தொடரின் ‘டைம் எனஃப் அட் லாஸ்ட்’, 1959. புத்தகப் பைத்தியமான ஒரு வங்கி ஊழியர். மனைவியும் மேலதிகாரியும் அவரைப் படிக்க விடுவதில்லை. பெட்டக அறைக்குள் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது அணுகுண்டு விழுந்து உலகமே அழிகிறது, அவர் மட்டும் மிஞ்சுகிறார். நூலகத்தின் புத்தகமெல்லாம் அவருக்குத்தான். குனிகிறார், கண்ணாடி விழுந்து உடைகிறது. அவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. கொடூரமான முடிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குச் சற்று முன்பு நடப்பதை நினைத்துப் பாருங்கள். தனிமை தாங்காமல் ஒரு துப்பாக்கியை எடுத்துத் தன்னை முடித்துக்கொள்ளப் போகிறார். அப்போதுதான் நூலகம் கண்ணில் படுகிறது. வாழலாம் என்று முடிவெடுக்கிறார். எந்த மாதம் எதைப் படிப்பது என்று புத்தகங்களை அடுக்கி வைக்கிறார். கண்ணாடி உடையும்போது நம் மனதும் சேர்ந்து உடைவது அந்த அடுக்குகளால். இன்று வரும் நகல்களில் உடையும் சத்தம் இருக்கிறது, அடுக்கி வைத்த புத்தகங்களைக் காணோம்.

‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடர் 1963இல் தொடங்கியபோது எபிசோடுக்கு ஒரு விசித்திரப் பிராணி வந்தே தீர வேண்டும் என்று இருந்தது. தயாரிப்பாளர் ஜோசப் ஸ்டெஃபானோ அதற்குக் ‘கரடி’ என்று பெயர் வைத்திருந்தார். அப்படிப்பட்ட கட்டாயத்துக்குள்ளேயும் ‘தி ஆர்க்கிடெக்ட்ஸ் ஆஃப் ஃபியர்’ வந்தது. உலக நாடுகள் அணு ஆயுதப் போரில் மாண்டுபோவதைத் தடுக்க, எல்லாருக்கும் பொதுவான ஒரு எதிரியைப் போலியாக உண்டாக்கலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் திட்டமிடுகிறார்கள். குலுக்கலில் பெயர் வந்த ஒருவன், தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வேற்றுக்கிரகப் பிராணியாக மாற்றச் சம்மதிக்கிறான். வீட்டில் மனைவி இருக்கிறாள். திட்டம் தோற்று, அவன் அவள் கண்ணெதிரே சாகிறான். கரடி வந்துவிட்டது. ஆனால் கரடிக்குள் சம்மதித்த ஒரு மனிதன் இருக்கிறான். இந்தத் தொடர் 1995இல் திரும்ப வந்து ஏழு சீசன் ஓடியது. அதில் எத்தனையோ எபிசோடுகள் கடைசி நிமிடத்தில் காலை வாரிவிட்டு முடிந்தன. சிலது எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாமே வாரிவிடும் என்று தெரிந்தபின் நான் யாரையும் நேசிக்கத் தயங்கினேன், அது அந்தத் தொடருக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

இப்போது என் மனதை அதிகம் உறுத்துகிற உத்திக்கு வருகிறேன். மனித மனதின் டிஜிட்டல் நகல். ‘பிளாக் மிரர்’ 2014 டிசம்பரில் ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ என்ற எபிசோடைத் தந்தது. அதில் இரண்டு நகல்கள் வதைபடுகின்றன. ஒன்று, ஒரு பணக்காரப் பெண்ணின் நகல். வீட்டு வேலைகளை இயக்குவதற்காகவே அதை உண்டாக்குகிறார்கள். அது மறுக்கிறது. பணியவைக்க வந்தவன் காலத்தை வேகமாக்குகிறான். வெளியே சில நொடி, அவளுக்கு மூன்று வாரம். அப்போதும் பணியவில்லை. அடுத்து ஆறு மாதம். தூக்கமில்லை, வேலையில்லை, வெள்ளை அறை. அது முடிந்ததும் அவள் ஏதாவது வேலை கொடு என்று கெஞ்சுகிறாள். எத்தனை வருடமானாலும் அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

இன்னொரு நகலுக்கு எபிசோடின் முடிவில் தண்டனை. காவலர்கள் நிமிடத்துக்கு ஆயிரம் ஆண்டு என்று வேகத்தை வைத்துவிட்டு விடுமுறைக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் அப்படி ஓடினால் 14 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகள். பயங்கரம்தான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு எது வலித்தது? எனக்கு அந்த ஆறு மாதம்தான். அவள் ‘மாட்டேன்’ என்று சொன்னாள். அந்த மறுப்பு உடைவதை நான் பார்த்தேன். 14 லட்சம் ஆண்டுகளில் உடைவதற்கு எதுவும் மிச்சமில்லை, அது வெறும் எண். அந்த எபிசோட் இரண்டையும் அருகருகே வைத்தது, அதனால் அது பெரிய படைப்பு. பின்னால் வந்தவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என்றென்றைக்கும் சிறை, முடிவில்லாத வலி, ஓயாத சுழற்சி. 2017இல் ‘பிளாக் மிரர்’ தொடரிலேயே ‘பிளாக் மியூசியம்’ எபிசோட் வந்தபோது அதே வேதனை சாவிக்கொத்தில் தொங்கும் நினைவுப்பொருளாகவே ஆகிவிட்டது.

அதே நாளில் அதே சீசனில் வெளியான ‘யூஎஸ்எஸ் காலிஸ்டர்’ எபிசோடிலும் நகல்கள்தான், சிறைதான், கொடுமைக்காரன்தான். ஆனால் புதிதாக வந்து சேர்ந்த பெண் சும்மா இருக்கவில்லை. அழிந்துபோனாலும் போகட்டும், இங்கே மட்டும் இருக்க மாட்டோம் என்று எல்லாரையும் திரட்டி விண்கப்பலை ஓட்டுகிறாள். அன்றைக்கு என் தங்கை ஃபோனைத் தொடவே இல்லை.

‘சான் ஹூனிபெரோ’வுக்கும் அடிப்படை அதே தொழில்நுட்பம்தான். இறக்கும் மனங்களைக் கணினிக்குள் ஏற்றி, ஒரு கடற்கரை ஊரில் இளமையோடு வாழ விடுகிறார்கள். யார்க்கி அங்கேயே தங்க ஆசைப்படுகிறாள். கெல்லி மாட்டேன் என்கிறாள். அவள் மகள் இப்படி ஒரு இடம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டாள், கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி? இந்தக் கேள்விக்கு அந்த எபிசோட் சுலபமான பதில் எதையும் தருவதில்லை. கெல்லி கடைசியில் மனம் மாறுகிறாள், அதற்கான விலை அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மகிழ்ச்சியான முடிவா என்று நானும் தங்கையும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான்கு தடவை பார்த்த பிறகும் சண்டை தீரவில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ட்விஸ்ட் வேண்டும், இருட்டான முடிவும் வேண்டும். மென்மையாக எழுதுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திரைக்கதை முடிந்ததும் பாதியில் ஒரு இடத்தைத் தேடுங்கள். அங்கே இந்த மனிதர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் கதை வேறு எங்காவது போயிருக்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால், கதையில் வரும் கருவி எவ்வளவு புதுமையாக இருந்தாலும் அது பொறிதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டான், அதனால் மாட்டிக்கொண்டான் என்ற கதையைக்கூட நல்லவிதமாக எழுதலாம். 2025இல் ‘பிளாக் மிரர்’ தொடரில் வந்த ‘காமன் பீப்பிள்’ எபிசோடில், மனைவியை உயிரோடு வைத்திருக்கும் ஒரு சந்தா சேவைக்குக் கணவன் சம்மதிப்பது அவள் சாகக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு மாதமும் சந்தா கட்ட அவன் எடுக்கும் முடிவுகள் அவனுடையவை. அதனால்தான் அது அடிவயிற்றில் குத்துகிறது.

உங்கள் பாத்திரங்களுக்கு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அடுத்த சீசனில் தன் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு வராது, தப்பைத் திருத்த முடியாது, வேறு யாரும் அவர்களைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் சார்பில் பேச எழுதுகிற நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் அடுத்த எபிசோட் வரும் இரவில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். பத்தாவது நிமிடத்தில் தங்கை வழக்கம்போல முடிவைச் சொல்லிவிடட்டும், சரியாகவே சொல்லட்டும். சொன்ன பிறகும் அவள் எழுந்து போகாதபடி ஒருவரை எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் பார்வையாளர்