டெய்லர் அண்ணாச்சிக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்காரரோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சு. ஈரல் கொழுப்பு கிரேடு 2ல இருந்து 1க்கு இறங்கிருச்சு, சுகரும் டாக்டர் கேட்ட இடத்துக்கு வந்துருச்சு. ரிப்போர்ட்ட கைல வச்சிக்கிட்டு லேப் வாசல்லயே நின்னு அழுதேன், இவரு பக்கத்துல நின்னு "ஏய் எல்லாரும் பாக்குறாங்க"ன்னு சொல்லிட்டே அவரும் கண்ண தொடைச்சாரு. அந்த சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். என்ன நடந்துச்சு, இவர ஆஸ்பத்திரில சேர்த்த அந்த ராத்திரி எப்படி போச்சுங்கறதெல்லாம் உங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல.

முதல்ல மொத்தமா ஒரு கும்பிடு போட்டுக்கிறேன். மும்பை ஆண்டாப் ஹில்லுல எங்க பில்டிங் ஆளுங்க, பசங்கள தன் பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்ட மூணாவது மாடி மாவ்ஷி (மராத்தில சித்தி), கேட்காமலே பணம் போட்டுவிட்ட இவரோட ஆபீஸ் நண்பர்கள், ஐசியு வாசல்ல என்னை உக்கார வச்சி டீ வாங்கி கொடுத்த சிஸ்டர், ஊர்ல இருந்து டிக்கெட் கன்ஃபார்ம் ஆகாமலே ரயிலேறி வந்த என் நாத்தனார், மாட்டுங்கா மார்க்கெட்ல கீரையும் வாழைத்தண்டும் எடுத்து வச்சி போன் பண்ற காய்கறிக்கார அக்கா. யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோச்சுக்காதீங்க, உங்க எல்லார் வீட்டுக்கும் நேர்ல வருவேன்.

ஆனா இந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒருத்தருக்குத்தான். லேபர் கேம்ப்ங்கற ஏரியால தையல் கடை வச்சிருக்க எங்க டெய்லர் அண்ணாச்சி. அவரு என்ன பண்ணாருன்னு உங்கள்ல நிறைய பேருக்கு தெரியாது.

இவரு டிஸ்சார்ஜ் ஆகி வந்த அடுத்த வாரம், ரெண்டு பேண்ட்ட பிடிச்சு தைக்க கொண்டு போனேன். ஆஸ்பத்திரில கெடந்ததுல சீட்டு பக்கமும் தொடை பக்கமும் தொளதொளன்னு ஆயிருச்சு, ஆனா வயித்துக்கிட்ட பட்டன் போட முடியல. அண்ணாச்சி விஷயம் கேட்டாரு, சொன்னேன். டாக்டர் "உள்ளுறுப்ப சுத்தி கொழுப்பு"ன்னு சொல்றாரு அண்ணாச்சி, ஆனா இவரு குண்டே இல்லையே, கம்பெனி செக்கப்ல வருஷா வருஷம் வெயிட் நார்மல்னுதானே எழுதி கொடுத்தாங்கன்னு புலம்பினேன். அவரு மிஷின நிறுத்திட்டு "இரு தாயி"ன்னு எந்திரிச்சு மேல பலகைல இருந்து பழைய அளவு நோட்டுங்கள இறக்குனாரு. எண்ணெய் பட்டு மஞ்சளா போன நீள நோட்டு, ஒரு கட்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இவரு அங்கதான் சட்டை பேண்ட் தைப்பாரு, எல்லாம் அதுல இருக்கு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், வாசல்ல ஆளுங்க காத்து நிக்கறாங்க, பண்டிகை சீசன் வேற. மனுஷன் யாரையும் கண்டுக்கல. ஒவ்வொரு நோட்டா தேடி ஒரு வெள்ளை பேப்பர்ல தன் கையெழுத்துல வருஷம் போட்டு எழுதினாரு. 2012ல மார்பு 37, வயிறு 32, தொடை 22. போன தீபாவளிக்கு மார்பு 38, வயிறு 39, தொடை 20½. நடுவுல உள்ள எல்லா வருஷமும் வரிசையா. நான் பேண்ட் இடுப்ப கேட்டேன், அது 32ல இருந்து 34 தானே ஆயிருக்குன்னு. அதுக்கு அவரு சிரிச்சிட்டு சொன்னாரு: "பேண்ட் அளவ நம்பாத தாயி. வயிறு வைக்க வைக்க ஆம்பளைங்க பெல்ட்ட கீழ எறக்கிக்கிட்டே போவாங்க, இடுப்பு எலும்புல கட்டிட்டு நான் 34ம்பாங்க. சட்டைக்கு எடுக்கற வயித்தளவுதான் நெசம்."

அந்த பேப்பர நாலா மடிச்சி கைல கொடுத்து "டாக்டர்ட்ட காமி"ன்னாரு. ஒரு புது இஞ்ச் டேப்பும் கூட வச்சாரு. காசு நீட்டுனேன், கைய தட்டி விட்டாரு, அத இன்னும் மறக்க முடியல.

டாக்டர் அந்த பேப்பர ரெண்டு தடவ படிச்சாரு. இவ்ளோ வருஷ ரெக்கார்ட் எந்த லேப்லயும் கெடைக்காதும்மா, யார் எழுதுனதுன்னு கேட்டாரு. அப்புறம்தான் எங்கள உக்கார வச்சி பொறுமையா விளக்குனாரு. எனக்கு புரிஞ்ச அளவுக்கு இங்க எழுதறேன், நம்ம ஆளுங்களுக்கு இது அவசியம்.

வயித்துல விரலால கிள்ளி பிடிக்க வருதே, அது தோலுக்கடில உள்ள கொழுப்பு, அதால தொந்தரவு கம்மி. மோசமானது உள்ள, குடல சுத்தி, ஈரல் கணையம் பக்கத்துல சேர்றது. கறிக்கடைல ஆட்டுக்குடல் மேல வெள்ளையா வலை மாதிரி ஒரு கொழுப்பு ஜவ்வு இருக்கும்ல, அதே சமாச்சாரம் நம்ம வயித்துலயும் இருக்கு, அதுல கொழுப்பு ஏறிக்கிட்டே போகுது. அதுல இருந்து வர்ற கொழுப்பு அமிலம் போர்ட்டல் வெயின்னு ஒரு ரத்தக்குழாய் வழியா நேரா ஈரலுக்கு போகுது, ஈரல் அத தாங்க முடியாம தனக்குள்ளயே சேர்த்து வைக்குது, அப்புறம் இன்சுலின் சொல்ற பேச்ச கேக்கறதில்ல. சுகர், பிபி, டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு, ஹார்ட் பிரச்சனை எல்லாம் அங்க இருந்து கெளம்புது.

ஒல்லியா இருக்கவங்களுக்கு எப்படின்னு கேட்டதுக்கு ஒரு ஃபோட்டோ காமிச்சாரு. 2004ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்ததாம். புனே கேஈஎம் ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட் எவ்ளோங்கற கணக்கு, ஒரே 22.3. உடம்புல கொழுப்பு அந்த ஊர்க்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஊர்க்காரருக்கு 21.2. நம்ம உடம்பு வாகு அப்படி, கை கால் மெலிசு, சதை கம்மி, கொழுப்பு மட்டும் வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கும். அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23லயே உஷாராகணும்னு வச்சிருக்காங்க, இவரு 23.5. அந்த செக்கப் ரிப்போர்ட்ல 25 வரைக்கும் நார்மல்னு அச்சடிச்சிருந்துச்சு, இஞ்ச் டேப்ப ஒருத்தரும் கையில எடுக்கல. இத நினைச்சா இன்னும் எரிச்சலாதான் வருது.

நம்மளுக்கு கணக்கு என்னன்னா, ஆம்பளைங்களுக்கு வயித்து சுத்தளவு 90 செமீ, அதாவது முப்பத்தஞ்சரை இஞ்ச், பொம்பளைங்களுக்கு 80 செமீ, முப்பத்தொண்ணரை இஞ்ச். அதுக்கு மேல போனா பாக்கணும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல டேப்ப வச்சி, மூச்ச சாதாரணமா விட்டுட்டு அளக்கணும், எக்கி பிடிக்கக்கூடாது (எல்லாரும் பிடிக்கறாங்க!). இன்னொரு சுலபமான கணக்கு, வயித்தளவு நம்ம உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இந்தியா முழுக்க எடுத்த பெரிய சர்வே 2023ல வந்துச்சு, அதுல வயித்து பருமன் உள்ளவங்க 39.5 சதவீதம். பத்து பேர்ல நாலு பேர், நம்ம பில்டிங் லிஃப்ட்ல நிக்கறவங்கள எண்ணிக்கோங்க.

இதுக்கு நடுவுல வந்த அட்வைஸ்களுக்கும் நன்றி சொல்லணும். எலுமிச்சை தேன் சுடுதண்ணி, வைப்ரேஷன் பெல்ட், கொள்ளு ரசம். கொள்ளு ரசம் உண்மையிலயே நல்லா இருந்துச்சு. ஆனா இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளும்பாங்க, எங்க வீட்டுக்காரர் கையும் காலும் இளைச்சவரு வயிறு மட்டும் கொழுத்தவரு, எள்ளா கொள்ளான்னு எந்த பெரியவங்களும் சொல்லி வைக்கல. வயித்துக்கு மட்டும் எக்சர்சைஸ் பண்ணி வயித்த மட்டும் கொறைக்க முடியாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. கொழுப்ப உறிஞ்சி எடுக்கற ஆபரேஷன் பத்தி இவரு ஆசையா கேட்டாரு, அதுக்கும் பதில் வச்சிருந்தாரு: 2004ல அமெரிக்காவுல சில பெண்களுக்கு வயித்துல இருந்து கிட்டத்தட்ட 10 கிலோ தோலடி கொழுப்ப எடுத்து பாத்தாங்களாம், சுகர் பிபி இன்சுலின் எதுலயும் முன்னேற்றம் இல்ல. எடுத்தது தோலடி கொழுப்பு, தொந்தரவு பண்றது உள்ள அப்படியே இருந்துச்சு.

நல்ல சேதி என்னன்னா, உடம்பு இளைக்க ஆரம்பிச்சா அந்த உள் கொழுப்பு மத்ததவிட வேகமா கரையுது. வேக நடைக்கு அது நல்லா மசியும், சில பேருக்கு வெயிட் பெருசா கொறையாமலே உள்ள கொறையுமாம். இவரு ஃபைவ் கார்டன்ஸ் பார்க்க சுத்தி காலைல நடக்கறாரு, பேச முடியணும் பாட முடியக்கூடாது அந்த வேகம். தொடை மெலிஞ்சது சதை போனதாலன்னு சொன்னதால நாற்காலில உக்காந்து எந்திரிக்கறது, தோப்புக்கரணம், கொஞ்சம் வெயிட் தூக்கறது. சாப்பிட்ட சர்க்கரைய வாங்கிக்கறது தொடை சதைதானாம். தட்டுல சோறு முன்ன போட்டதுல பாதி, மீதி இடத்துல கீரை, சுண்டல், பாங்கடா (கானாங்கெளுத்தி) மீனோ முட்டையோ. ஸ்டேஷன் வாசல் வடாபாவும் சர்க்கரை போட்ட கட்டிங் சாயும் (அரை கிளாஸ் டீ) போச்சு. வீக்எண்ட் பாட்டிலும் போச்சு, அதுக்கு தனியா ஒரு நாள் பஞ்சாயத்து நடந்துச்சு, அத எழுத வேணாம்னு இவரு பக்கத்துல நின்னு சொல்றாரு. தூக்கம் ஏழு மணி நேரம், அது மட்டும் இந்த ஊரு லோக்கல் ட்ரெயின் டைமுக்கு சரியா அமைய மாட்டேங்குது.

66 கிலோல இருந்து இப்ப 62. நாலு கிலோதானான்னு கேக்கறவங்களுக்கு, வயிறு 39ல இருந்து 36. அளக்கறது அண்ணாச்சிதான், மாசம் ஒரு தடவ கடைக்கு கூட்டிட்டு போய் நிறுத்துவேன், அவரு அதே பேப்பர்ல அடுத்த வரிய எழுதுவாரு. ஜப்பான்ல 2008ல இருந்து நாப்பது வயசுல இருந்து எழுபத்தி நாலு வரைக்கும் உள்ளவங்களுக்கு வருஷா வருஷம் இடுப்பு அளக்கணும்னே திட்டம் இருக்காம், டாக்டர் சொன்னத அவருகிட்ட சொன்னேன். "அப்ப நான் தப்பான ஊர்ல கடை போட்டுட்டேன் தாயி"ன்னாரு. அண்ணாச்சி, நீங்க ஃபோன்ல இதெல்லாம் படிக்க மாட்டீங்கன்னு தெரியும், உங்க மகன் படிச்சு காமிக்கட்டும். கல்யாணமாகி தொப்பை போட்டா பொண்டாட்டி கைப்பக்குவம்னு பெருமையா பேசுற ஊர்ல, இத்தன வருஷமா அந்த உடம்ப நெசமா கவனிச்சு எழுதி வச்ச ஒரே ஆளு நீங்க. உங்க பேரன் பொறந்ததுக்கு நாங்க இன்னும் வரல, இந்த ஞாயித்துக்கிழமை நிச்சயம் வர்றோம்.

ஒரு வாக்கும் கொடுக்கறேன். அண்ணாச்சி கொடுத்த டேப் என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு. விசேஷத்துக்கு வந்தா, கோவில்ல பாத்தா, யாரா இருந்தாலும் அளந்து விட்டுருவேன், வெக்கப்படாதீங்க. பொம்பளைங்களும்தான். கூடுதலா இருந்தா திட்ட மாட்டேன், ஃபாஸ்டிங் சுகரும் லிவர் ஸ்கேனும் பாருங்கன்னு மட்டும் சொல்லுவேன், வேணும்னா கூட வர்றேன்.

கடைசியா, ஆஸ்பத்திரிக்கு சாப்பாடு வந்த மூணு அடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒண்ணு எங்க வீட்ல நிக்குது. மூடில எஸ்.ஆர்.ன்னு வெட்டியிருக்கு. பில்டிங் முழுக்க கேட்டுட்டேன், யாரும் எங்களதுன்னு சொல்லல. யாரோடதுன்னு சொல்லுங்க, வெறும் கேரியரா தர மாட்டேன்.