ஏழாவது கிரீனைப் பெயர்க்கும் முன்: கோல்ஃப் மைதானச் சீரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சீரமைப்பு வரைபடத்தை மூன்று நாள் நின்று பார்த்தேன். பன்னிரண்டாவது கிரீனுக்கு, அதாவது கொடியும் குழியும் உள்ள ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, முன்னால் ஒரு குளம். நான்கு ஹோல்களில் (முதல் அடியிலிருந்து குழிவரை உள்ள பாதைகளில்) பின்னுக்குத் தள்ளிய புது டீ, முதல் அடி அடிக்கும் மேடை. டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள ஃபேர்வே புல்பாதையின் இருபுறமும் மர வரிசை. ஏழாவது கிரீனை அடியோடு பெயர்த்துவிட்டு வேறொன்று. படம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமே அதனால்தான்.

பழையதெல்லாம் பொன் என்று பாட நான் வரவில்லை. புல்டோசரோடும் எனக்குப் பகையில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: டீயிலிருந்து கிரீன்வரை பந்தைக் கொண்டுபோக ஆடுபவருக்கு எத்தனை வழி விடுகிறீர்கள்?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17வது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் தள்ளி அடித்தால் ஆபத்து குறைவு. ஆனால் அங்கே போய் நின்று பார்த்தால், கிரீனுக்கும் உங்களுக்கும் நடுவே ரோடு பங்கர் என்ற மணற்குழி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வலது பக்க எல்லையை உரசிக்கொண்டு அடிக்கத் துணிந்தவருக்குத்தான் நல்ல கோணம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. அவரவர் துணிச்சலுக்கு ஏற்ற விலை, அவ்வளவுதான். அதே நாட்டின் நார்த் பெர்விக் மைதானத்தில் ரெடான் என்ற ஹோல் இன்னொரு விதம். கிரீன் முன் வலதிலிருந்து பின் இடதாகச் சரிகிறது. இடது பக்கம் ஆழமான பங்கர். கொடிக்கு நேராகக் குறி வைப்பவர் திணறுவார். கிரீனின் வலது ஓர மேட்டில் பந்தை இறக்கி, மிச்சத்தை நிலத்திடம் விட்டவர் சிரித்துக்கொண்டே நடப்பார். நூறாண்டுக்கு முன்பே வடிவமைப்பாளர் சார்லஸ் மெக்டொனால்ட் இந்த யோசனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 4வது ஹோலாக அமைத்தார். நல்ல யோசனைக்குக் கடல் ஒரு தடையா என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. 1951 அமெரிக்க ஓப்பன் போட்டிக்காக ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானத்தில் வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் பந்து விழும் இடங்களை இருபுறமும் பங்கர் வைத்து நெரித்தார். வென்ற பென் ஹோகனே அந்த மைதானத்தை அரக்கன் என்றார். அந்தப் பெயரே விளம்பரமாகி, கடினம்தான் தரம் என்ற எண்ணம் பல கிளப்களில் வேரூன்றிவிட்டது. நம் வரைபடத்திலும் அதன் வாடை அடிக்கிறது.

“அப்படியானால் நீர் சூழ்ந்த தீவு கிரீனுக்குப் பேர்போன அமெரிக்காவின் சாகிராஸ்?” என்று கேட்பீர்கள். கேளுங்கள், அந்தக் கதை எனக்குத்தான் சாதகம். 1980இல் திறந்த அந்த மைதானத்தின் 17வது ஹோலில் முதலில் தீவு இல்லை. அங்கே நல்ல மணல் கிடைத்தது. மற்ற ஹோல்களுக்காக அதை அள்ளி அள்ளி, கடைசியில் பெரிய பள்ளம்தான் மிஞ்சியது. அதைத் தீவு கிரீனாக்கலாம் என்று மைதானத்தை வடிவமைத்த பீட் டைக்குச் சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை. அந்தப் பள்ளத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நம் குளத்துக்குப் புகைப்படத்தைத் தவிர வேறென்ன காரணம்? இப்போது பன்னிரண்டாவதில் மெதுவாக அடிக்கும் மூத்த உறுப்பினர்கள் முன்பக்க மேட்டில் பந்தை உருட்டி ஏற்றுகிறார்கள். நாளைக்கு அவர்கள் எங்கே உருட்டுவது, தண்ணீரிலா?

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானம் 2023இல் 13வது ஹோலை 510 யார்டிலிருந்து 545க்கு நீட்டியது. அங்கே ஆடுபவர்கள் யார், இங்கே ஆடுபவர்கள் யார்? நம்மில் 300 யார்டு அடிப்பவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம்.

இன்றைய வடிவமைப்பாளர்களிலேயே கூர்–கிரென்ஷா இணையைப் பாருங்கள். டொனால்ட் ராஸ் உருவாக்கிய பைன்ஹர்ஸ்ட் 2ஆம் மைதானத்தில் அவர்கள் புதிதாக எதையும் திணிக்கவில்லை. ஃபேர்வேக்கு வெளியே உயரமாக வளரும் ரஃப் புல்லை உரித்தார்கள், மணலை வெளியே கொண்டுவந்தார்கள், 1,150 அளவில் இருந்த தண்ணீர்த் தெளிப்பான்களை 450 அளவுக்குக் குறைத்தார்கள். 2014 அமெரிக்க ஓப்பனில் மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியே நின்றும், கிரீனில் பந்தை உருட்டப் பயன்படும் மட்டையான பட்டரை எடுத்து உருட்டினார். எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையும் அவருக்கே.

இப்போது ஏழாவதுக்கு வருகிறேன். “சின்ன கிரீன், கொடி வைக்க இடமில்லை” என்பது உங்கள் குறை. அது சின்னதாகக் கட்டப்பட்ட கிரீன் இல்லை, சுருங்கிய கிரீன். புல்வெட்டும் இயந்திரத்தை ஓரத்தில் திருப்பும்போது மூலை ஒவ்வொன்றும் விரற்கடை விரற்கடையாகத் தேயும். பல வருடத்தில் சதுரம் முட்டை வடிவமாகிவிடும். போன மாதம் மைதான ஊழியர் ஒருவரோடு சேர்ந்து பின் இடது மூலையில், மண் அடுக்குகளை வெட்டி எடுத்துக் காட்டும் மண்குழாயை இறக்கினோம். இப்போதைய ஓரத்திலிருந்து நான்கு தப்படி தள்ளி, ரஃப் புல்லுக்கு அடியில், மணலும் மக்கும் மாறிமாறிப் படிந்த அடுக்குகள் வந்தன, வெட்டிய கேக் துண்டு மாதிரி. வருடா வருடம் கிரீனுக்குத் தூவிய மணல் அது. ஆறு தப்படியில் வெறும் களிமண். பழைய ஓரம் இடையில்தான் எங்கோ இருக்கிறது. அந்த மூலையில் கொடி நட்டால் இடது பங்கர் மறுபடி உயிர்பெறும். இன்றைக்கு அது யாருக்கும் இடைஞ்சலாகக்கூட இல்லை.

அதை மீட்க வேண்டியது வெட்டும் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுவதும் ஓரிரு பருவம் பொறுப்பதும்தான். குளத்துக்கு ஒதுக்கிய பணம் அப்படியே மிஞ்சும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு காலை ஒதுக்குங்கள். வரும் சனிக்கிழமை, முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன், மண்குழாயும் சுண்ணாம்புப் பொடியுமாக ஏழாவதின் பின்னால் காத்திருக்கிறேன். மீதி மூன்று மூலைகளையும் சேர்ந்தே குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கிளப்பின் பழைய உறுப்பினர் ஒருவன்